முகத்தோல் சீக்கிரம் முதுமை தட்டாமல் இருக்க எது முக்கியம், சாப்பாடா சன்ஸ்கிரீனா?

38 வயது, கன்னத்தில் மங்கு விழ ஆரம்பித்திருக்கிறது, கொலாஜன் (தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதம்) பானம் குடித்தால் போதுமா, நாம் கறுப்புத்தானே, சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் வெயிலைத் தடுக்கச் செலவு செய்யுங்கள். சாப்பாடு அதற்கு அடுத்தது. கொலாஜன் பானத்தை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். என் அத்தை செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் உரம் போடுகிறார், அறுபதை நெருங்குகிற வயது. மாமாவின் பழைய நீளக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு, அதன்மேல் தொப்பி, இதுதான் வேலைக்குப் போகும் கோலம். சட்டைக்கை முடியும் இடத்தில் அவர் மணிக்கட்டில் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறும். கோட்டுக்கு மேலே தோல் இன்னும் வழவழப்பு. கீழே புறங்கை கறுத்துத் தடித்து, கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வயது, ஒரே சாப்பாடு. வித்தியாசம் வெயில் மட்டும்தான்.

இதற்குப் பெரும் காரணம் வெயிலில் இருக்கும் யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர். தோலின் அடி அடுக்கு வரை இறங்கி, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைக் கிளப்பிவிடும். மேகமும் காரின் கண்ணாடியும் அதை முழுதாக நிறுத்தாது. 28 ஆண்டுகள் லோரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடக் கன்னம் மட்டும் தொங்கிச் சுருங்கியிருந்தது. நம் ஊர் ஓட்டுநர் என்றால் வலக் கன்னம்.

கறுப்புத் தோலுக்கு நிறம் தரும் மெலனினின் பாதுகாப்பு உண்டு, சுருக்கம் நமக்குத் தாமதமாகத்தான் வரும். ஆனால் மங்கும் கரும்புள்ளியும் நம்மைத்தான் அதிகம் பிடிக்கும். அதுவும் மங்கைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கூட்டிவிடும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையக்கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இருக்காது. வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசுங்கள்.

இன்னொன்று, வெயிலைத் தவிர்க்கச் சொல்லித் தமிழ்நாட்டு யூடியூபில் சொல்லும் நேரம் நமக்குச் சரியாக வராது. சென்னையில் 12 மணியை ஒட்டி உச்சிக்கு வரும் சூரியன், பேராக்கில் ஒன்றேகாலுக்குத்தான் வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு மோட்டாரில் கிளம்பும் நேரம்தான் மோசமான நேரம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உடம்பு கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும். அதற்கு பீடோர் ஊர்க் கொய்யா ஒன்று தின்றாலே ஒரு நாள் தேவைக்கு மேல். பப்பாளி, முருங்கைக்கீரை, எண்ணெயில் வதக்கிய தக்காளி எல்லாம் நல்லதுதான். ஆனால் இவற்றின் சத்தை மாத்திரையாக விழுங்கினால் அதே பலன் வந்துவிடாது. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. பீட்டா கரோட்டின் (காய் பழங்களில் இருக்கும் ஆரஞ்சு நிறச் சத்து) மாத்திரை தின்றவர்களுக்கு மொத்தத்தில் பலன் தெரியவில்லை. (நம்மைச் சுற்றிக் காய்க்கும் செம்பனைப் பழத்தில் கரோட்டின் கொட்டிக் கிடக்கிறது. சுத்திகரித்துப் பாக்கெட்டில் வரும் எண்ணெயில் அது போயே போச்சு.)

சர்க்கரை இரத்தத்தில் ஏறி நிற்கும்போது கொலாஜன் இழைகளில் ஒட்டி விறைக்க வைக்கும். ஆகவே இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கைக் குறைத்தால் தோலுக்கும் லாபம். கொலாஜன் பானமோ வயிற்றில் பெரும்பாலும் சிதைந்து மற்ற புரதம் போலத்தான் ஆகும், அதைப் புகழும் ஆய்வுகளில் பல அதை விற்கிறவர்கள் பணத்தில் நடந்தவை.

மங்குக்காக பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் வெளுப்புக் கிரீமை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பாதரசம் கலந்தவற்றைப் பற்றி சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். டப்பாவில் NOT என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மங்கு அதனாலும் வரும்.