வெள்ளிக்கிழமை தாலி, வீடு எப்போது?

கேள்வி: எனக்கு 23 வயது. மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன். காலையில் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விடுவான், ராத்திரி எட்டரைக்கு வந்து கூட்டிப் போவான். சம்பளம் அம்மா கைக்குப் போய்விடும். எதிர்க்கடையில் செல்போன் சர்வீஸ் பார்ப்பவரும் நானும் இரண்டு வருடமாக விரும்புகிறோம். அவரும் இந்துதான், சாதி வேறு. "வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல தாலி கட்டிடலாம், சர்டிபிகேட்டெல்லாம் ஃபிரெண்டு பாத்துக்குவான்" என்கிறார். இந்த ஊரில் எனக்கென்று யாரும் இல்லை. அவரோடு போனால் எனக்கென்று ஒரு வீடாவது கிடைக்கும். போகட்டுமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அவர் எதற்குச் சிரிப்பார், கோபம் வந்தால் என்ன செய்வார், மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அதில் ஒரு வரி கிடையாது. அண்ணன் பைக்கின் ஹாரன் மட்டும் ஐந்து இடத்தில் வருகிறது. உங்களுக்கு வேண்டியது அவரா, அந்த ஹாரன் காதில் விழாத ஓர் இடமா? இரண்டும் வேண்டும் என்றால் தப்பே இல்லை. இரண்டையும் ஒரே வெள்ளிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் இடிக்கிறது.

முதலில் அந்தக் கோயில் யோசனை. அறநிலையத் துறைக் கோயில்களில் ஆதாரும் வயதுச் சான்றும் போதாது, பெரும்பாலும் 'முதல் திருமணச் சான்று'ம் கேட்பார்கள். அதற்கு நீங்கள் போய் நிற்க வேண்டியது கிராம நிர்வாக அலுவலரிடம். சின்ன ஊரில் அவர் உங்கள் அப்பாவோடு டீ குடிக்கிறவராக இருப்பார். கேட்பாரில்லாத மலைக்கோயிலில் கட்டிக்கொண்டு, ரசீதும் இல்லாமல் செல்ஃபி மட்டும் வைத்திருந்தால், பதிவுக்குப் போகும் இடத்தில் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி எங்கே என்பார்கள். 'ஃபிரெண்டு' கொண்டுவரப்போகும் சர்டிபிகேட் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக இருந்தால், அதற்குத் திருமணம் என்று பெயரே கிடையாது.

உங்கள் இருவருக்கும் இதைவிட நேரான வழி இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினரோ நண்பர்களோ வேறு யாரோ முன்னிலையில், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதன்பின் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மனு திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயத்துக்குத்தான்: ஆதாரில் ஒரு இனிஷியல், டி.சி.யில் இன்னொரு இனிஷியல்.

சிறப்புத் திருமணச் சட்டம் உங்களுக்குக் கட்டாயமில்லை. மதம் வேறானவர்கள்தான் பெரும்பாலும் அந்த வழிக்குப் போவார்கள். அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அது அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். வெளி மாவட்டத்தில் கொடுத்தாலும் ஒரு பிரதி சொந்த மாவட்டத்துக்கு வந்துசேரும். வாசலில் பத்திரம் எழுதுகிறவர் காலையில் படித்தால் சாயங்காலம் உங்கள் வீட்டில் சேதி.

இனி நிஜமான முட்டுக்கட்டைக்கு வருவோம். உங்கள் ஆதாரோடு யார் போன் நம்பர் இணைந்திருக்கிறது? அப்பாவுடையதோ அண்ணனுடையதோ என்றால், நீங்கள் எதை டவுன்லோடு செய்யப் போனாலும் ஓ.டி.பி. அவர்கள் கையில் போய் விழும். வங்கிக் கணக்குக்கும் இதே கதிதான். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் நம்பரை மாற்றித் தருவார்கள், அதற்கு வேறு ஆவணம் வேண்டாம். அடுத்தது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பீரோவில் அம்மா சேலைக்கு அடியில் இருக்கிறதா, இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கி, மாதம் ஆயிரமாவது போடுங்கள்.

நகையைத் தொடாதீர்கள். நீங்கள் போட்டு வளர்ந்த கம்மலாகவே இருந்தாலும் கழற்றி வைத்துவிடுங்கள். "பொண்ணைக் காணோம்" என்று கொடுக்கும் புகாரோடு "20 பவுனையும் காணோம்" என்று ஒரு வரி சேர்வது வழக்கம். அந்த ஒரு வரியில் அவர் திருட்டு வழக்கில் சிக்குவார்.

காணவில்லைப் புகார் வரத்தான் செய்யும். அவர்கள் தேடி வருவதற்கு முன்னால் நீங்களே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். சாதி மாறி மணப்பவர்களைப் பாதுகாக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு வேண்டும், அதில் கண்காணிப்பாளரோடு சமூக நல அலுவலரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். ஸ்டேஷனில் "சமாதானம் பேசலாம்" என்று வீட்டாரோடு உட்கார வைத்தால், நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்தான் வாக்குமூலம் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். 18 தாண்டியவர் நீங்கள். யாரோடு போவது என்பது உங்கள் முடிவு. அவருக்கு 21 முடிந்திருக்க வேண்டும், அதையும் சரிபாருங்கள். 181க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. 'சாதி வேறு' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரை ஊர் கீழே வைத்திருக்கிறது என்று எழுதவில்லை. அது அவர் தெருவாக இருந்தால், நீங்கள் பஸ் ஏறிய ராத்திரி அடி விழப்போவது அங்கேதான். 2012 நவம்பரில் தருமபுரியில் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனி எரிந்தது அப்படி ஒரு திருமணத்துக்குப் பிறகுதான். அவருடைய அம்மாவுக்கு உங்கள் பெயர் தெரியுமா? வெள்ளிக்கிழமை விஷயம் தெரியுமா? அவர் வீட்டில் ஒருவரிடம்கூடச் சொல்லாத ஆள், ஒரு வாரத்தில் உங்களை எந்த வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறார்? ஃபிரெண்டின் ரூமுக்கா?

இதை அவரிடம் நேரில் கேளுங்கள். வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்று பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். கோபப்பட்டால், கடிதத்தில் விட்டுப்போன ஒரு வரி உங்களுக்குக் கிடைத்துவிட்டது. யோசித்துவிட்டு மூன்று மாதம் தாருங்கள் என்றால், கொடுக்கலாம்.

அந்த மூன்று மாதத்தில் பக்கத்துப் பெரிய ஊரில் மெடிக்கல் வேலை தேடுங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் தெரிந்து, மருந்துப் பெயர் தடுமாறாமல் அடிக்கத் தெரிந்த ஆளை எந்தக் கடையும் வேண்டாம் என்காது. வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் சில நகரங்களில் இருக்கின்றன, தனியார் விடுதிகளும் உண்டு. நாலு பேர் தங்கும் அறையில், சாப்பாடு சரியில்லை என்று சேர்ந்து சலித்துக்கொள்ளக் கிடைக்கும் பெண்கள் இருக்கிறார்களே, 'எனக்கென்று யாரும் இல்லை' என்ற உங்கள் வரிக்கு அவர்களும் ஒரு பதில். அவரைக் கட்டிக்கொண்ட பிறகும் அவர்கள் வேண்டும்.

கடையில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு? ஆதார் மையத்தில் டோக்கன் எப்போது தருகிறார்கள் என்று முதல் நாளே விசாரித்து வைத்துக்கொண்டு, இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.