கண்ணைக் கட்டிப் படித்தால் ஞாபகசக்தி வருமா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. படித்தது பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறது. நடுமூளையை எழுப்பி, கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைப்பதாகச் சொல்லும் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ பயிற்சியில் சேர்த்தால் சரியாகும் என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? - ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்பகுதி. கண்ணை அசைப்பது, வெளிச்சம் பட்டால் கண்பாவையைச் சுருக்குவது போன்ற வேலைகளை அது ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தலை லேசாக அண்ணாந்திருக்கும், புத்தகம் மூக்குக்குக் கீழே இருக்கும். மூக்கின் இரு பக்கமும் துணி ஒட்டாது. அந்தச் சந்து வழியாகத்தான் பார்க்கிறது. புத்தகத்தைத் தலைக்குப் பின்னால் பிடித்தால் ஒரு வரி படிக்க முடியாது. காசு போவதைவிட, பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதற்குப் பள்ளிகளே ஹால் கொடுக்கின்றன. புகார் சொல்லப் போனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கும் இடம் சின்னது. ஏழு விஷயம் வரை நிற்கும் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் என்று 2001-இல் இன்னோர் உளவியலாளர் நெல்சன் கோவன் குறைத்தார். ஓடிபி அடிக்கும்போது யாராவது கூப்பிட்டால் எண் பறந்துவிடுகிறதல்லவா, அதே கதைதான். ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் திரும்பக் கேளுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். நன்றாகத் தூங்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது பத்து வினாடி போல வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், அப்புறம் ஒன்றும் நடக்காதது போல விட்ட வேலையைத் தொடர்கிறானா? கண் இமை படபடக்கிறதா? நாளுக்குப் பலமுறை நடக்கிறதா? அப்படியானால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கை கால் இழுக்காததால், ‘பகல்கனவு காண்கிறான்’ என்று வகுப்பில் திட்டு வாங்கியே பிள்ளைகள் வருஷங்களைத் தொலைக்கிறார்கள். அடுத்த முறை அப்படி வெறித்துப் பார்க்கும்போது போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி சோதனை எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாத்திரைக்கு நன்றாகவே கட்டுப்படும்.