விட்டுக்கொடுக்க அது உங்களுடையது அல்ல

கேள்வி: எங்கள் மன்றத்தில் வாரம் இரண்டு மாலை பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறோம். ஐந்து மேசை, இருபது பேர். செயலாளரே டைரக்டர், அதாவது நடுவர், அவரும் ஆடுவார். பழகியவர்கள்தானே என்று அவரை யாரும் கூப்பிடுவதில்லை. சென்ற மாதம் எனக்கு ஜோடியாக அமர்ந்தவர் ஒரு கல்லூரி மாணவி. இஸ்பேட் துருப்பில் பத்துப் பிடி எடுக்க வேண்டிய நான்கு இஸ்பேட் ஏலத்தை எடுத்து அவர் ஆடினார், நான் டம்மி, சீட்டை மேசையில் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பவன். எதிரணியில் இருந்த பெரியவர், கையில் கிளாவர் இருக்கும்போதே கிளாவரைத் துருப்பால் வெட்டிப் பிடியை எடுத்தார். அதன் பிறகும் அவர்கள் ஒரு பிடி எடுத்தார்கள். கடைசியில் அவர் கையிலிருந்து கிளாவர் விழுந்ததை மாணவி சுட்டிக்காட்டினார். "நேற்று வந்த பிள்ளை எனக்கு ஆட்டம் சொல்லித் தருகிறதா?" என்று சத்தம் போட்டவர், சீட்டுகளைக் கலைத்து, ஒரு ஆட்டத்தின் சீட்டுகளை வைக்கும் தட்டான போர்டில் செருகிவிட்டார். நான் மாணவியிடம், "விட்டுக்கொடுத்துவிடம்மா" என்றேன். ஒன்று குறைவு என்று எழுதினோம். அதன் பிறகு மாணவி வரவில்லை. பெரியவர் தன் பார்ட்னரைத் திட்டுவதால் முன்பே இரண்டு ஆச்சிமார் நின்றுவிட்டார்கள். மன்றத்துக்கு இடம் கொடுத்தவர் அவர். எனக்கு ஒரே கோயில் பங்காளி, அண்ணன் முறை. முகம் முறியாமல் இதை எப்படிச் சரிசெய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்: அந்த மாணவியின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அண்ணனின் முகம் பிறகு.

இறங்கிய வகைச் சீட்டு கையில் இருக்கும்போது வேறு வகையைப் போடுவது ரிவோக். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. கிளாவரும் கறுப்பு, இஸ்பேடும் கறுப்பு. பதின்மூன்று சீட்டை விசிறிப் பிடித்திருக்கும் கையில் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்வது நாற்பது வருடம் ஆடியவருக்கும் நேரும். அதனால்தான் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் 2017ஆம் ஆண்டு விதிநூல், தவறியவரின் நோக்கத்தைத் தோண்டாமல் நேரே கணக்குக்கு வருகிறது. ரிவோக் செய்தவரே அந்தப் பிடியை வென்றிருந்தால், ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிடியும், அதன் பின் அவர் அணி எடுத்தவற்றில் ஒன்றும் எதிரணிக்குப் போய்விடும். 64ஆம் விதி இது. நீங்கள் எழுதியிருப்பதன்படி இரண்டு பிடி உங்கள் பக்கம் வர வேண்டும். ஒன்பது பிடி எடுத்ததாக எழுதப்பட்ட மாணவி எடுத்தது பதினொன்று. வல்னரபிள் (மதிப்பெண்ணும் தண்டமும் கூடும் நிலை) அல்லாத போர்டு என்று வைத்துக்கொண்டால், நீங்கள் எதிரணிக்கு 50 எழுதினீர்கள். மாணவிக்கு 450 எழுதியிருக்க வேண்டும்.

அவர் சீட்டைக் கலைத்துவிட்டதால் இனி என்ன நிரூபிக்க முடியும் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும் விதி இருக்கிறது. ரிவோக் என்று ஒருவர் சொன்ன பிறகு, நடந்ததை டைரக்டர் சரிபார்க்க முடியாதபடி எவராவது தன் சீட்டைக் கலைத்தால், தீர்ப்பு மறுதரப்புக்கே. டைரக்டர் வரும்வரை சீட்டுகள் விழுந்த வரிசையில் மேசை மேலேயே இருக்க வேண்டும். ரிவோக்கை யாரும் சுட்டிக்காட்டாமலே அடுத்த போர்டை எடுத்து உங்கள் அணியில் ஒருவர் ஏலம் கேட்டுவிட்டால், முந்தைய ரிவோக்குக்கு அந்த இரண்டு பிடி தானாகக் கிடைக்காது. "அடுத்ததுக்குப் போகலாம்" என்ற அவசரத்துக்கு யாருமே இணங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி உங்களிடம் வருகிறேன். டம்மி என்பதால் வாய் திறக்கக் கூடாது என்று நீங்கள் இருந்திருந்தால், பதின்மூன்றாவது பிடி விழும்வரை அது சரி. ஆட்டம் நடக்கும்போது எதிரணியின் தவறை டம்மி எடுத்துச் சொல்லக் கூடாது. கடைசிச் சீட்டு விழுந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது. மாணவியோ ஏற்கெனவே சொல்லியும்விட்டார். தவறு ஒருமுறை சுட்டிக்காட்டப்பட்ட பின் மேசையில் இருக்கும் நால்வரில் யார் வேண்டுமானாலும் டைரக்டரை அழைக்கலாம், டம்மியும் உட்பட. அழைத்தே ஆக வேண்டும் என்பதுதான் 9ஆம் விதி. உங்களுக்கு வாய் திறக்க உரிமை வந்த நேரத்தில், அதை அந்தப் பெண்ணை அடக்கப் பயன்படுத்தினீர்கள்.

"விட்டுக்கொடுத்தோம்" என்கிறீர்கள். 10ஆம் விதியைப் படியுங்கள். பரிகாரம் என்ன என்று முடிவு செய்யவும் முடியாது, வேண்டாம் என்று தள்ளவும் ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை. பெருந்தன்மை காட்ட விரும்பினால் டைரக்டரிடம் கேட்கலாம். தக்க காரணம் இருந்தால் அவர் தள்ளுபடி செய்வார். விதி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு உங்கள் ஐந்து மேசையே சாட்சி. ஜோடி ஆட்டத்தில் அதே போர்டு ஐந்து மேசையிலும் ஆடப்படுகிறது. பெரியவர் அமர்ந்த அதே திசையில் இன்னும் நான்கு ஜோடிகள் அதே சீட்டுகளைக் கையில் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் மேசைகளில் நான்கு இஸ்பேட் ஒழுங்காக நிறைவேறி, அவர்கள் 420 கொடுத்திருந்தால், 450 கொடுத்துக் கடைசியில் நிற்க வேண்டியவர் 50 வாங்கி முதலிடத்தில் நிற்பார். நீங்கள் உங்கள் பையிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிழையே செய்யாத அந்த எட்டுப் பேரின் இடத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தீர்கள். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தாலும் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு இரவெல்லாம் கூட்டிப் பார்த்த கணக்கப்பிள்ளைகளின் ஊர் உங்களுடையது. அந்த ஊரில் தெரிந்தே பொய்க் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

டைரக்டரை அழைப்பதைப் புகார் என்று நினைக்கும் பழக்கம் எல்லாக் கேடுக்கும் வேர். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா நடக்கும் ஊருக்கு நான் நடுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டிமன்றத்தில் இரு அணியும் இடி முழக்கமாகப் பேசினாலும் "நடுவர் அவர்களே" என்று அவரைப் பார்த்துத்தான் பேசும். தீர்ப்பு பிடிக்காதவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினாலும், இரு அணியும் மேடையில் கைகலப்பதில்லை. பிரிட்ஜ் மேசையில் டைரக்டர் வருவதும் அதற்கே. அவர் வந்தபின் நால்வரும் அவரிடம் பேசுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவேண்டிய கட்டாயம் அதோடு முடிகிறது. "டைரக்டர், தயவுசெய்து வாருங்கள்" என்று கையை உயர்த்திச் சாதாரணக் குரலில் சொன்னால் போதும். எதிரணியை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு கத்தினால் அது புகார்தான்.

ஏலத்தில் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒருவர் பாஸ் சொல்ல, அவர் பார்ட்னர் துணிந்து ஏலத்தை உயர்த்துவது அடுத்த தகராறு. உங்கள் மன்றத்திலும் நிச்சயம் நடந்திருக்கும். யோசிப்பது குற்றமில்லை, பார்ட்னரின் தயக்கத்திலிருந்து செய்தி எடுத்துக்கொள்வதுதான் குற்றம். உலகப் போட்டிகளில் பார்ட்னர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை கட்டுகிறார்கள். உங்களிடம் திரை இல்லை. "தயங்கினீர்கள் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லையே?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை டைரக்டர் பார்த்துக்கொள்வார். "கள்ளாட்டம்" என்ற சொல் அந்த மேசையில் எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது.

செயலாளரும் ஆடுகிறார் என்பது தடையில்லை. அவர் மேசையிலேயே தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல விதி தெரிந்த இன்னொருவரை முன்கூட்டியே குறித்துவையுங்கள். விதிநூல் மேசைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நினைவிலிருந்து சொல்லாமல் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்ப்பில் மனக்குறை உள்ளவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டுக் குழுவும் விதியின் பொருளில் டைரக்டரின் முடிவை மாற்ற முடியாது.

ஆனால் ரிவோக்கால் ஒரு மன்றமும் மூடப்பட்டதில்லை. ஒரு தவறுக்கு இரண்டு பிடி, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அந்த இரண்டு ஆச்சிமாரைத் துரத்தியது திட்டு. "இதைக்கூடவா பார்க்கவில்லை?" என்று நான்கு பேர் முன்னால் கேட்கப்பட்டவர், அடுத்த போர்டில் சீட்டைப் பார்ப்பதை விட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் இன்னும் கெடும். திட்டு இன்னும் கூடும். பார்ட்னர் என்பவர் அந்த அறையில் உங்களுக்காக ஆடும் ஒரே ஆள். அவரை அவமதித்துக்கொண்டு ஒருவர் எதை வெல்லப் போகிறார்? 74ஆம் விதி மரியாதையை எப்போதும் காக்கச் சொல்கிறது. பிறரைச் சங்கடப்படுத்தும் பேச்சைத் தவிர்க்கச் சொல்கிறது. அந்தப் பிறரில் சொந்தப் பார்ட்னரும் உண்டு. மீறுபவருக்கு மதிப்பெண் குறைக்கவும், அன்றைய ஆட்டத்திலிருந்து நிறுத்திவைக்கவும் 91ஆம் விதி டைரக்டருக்கு அதிகாரம் தருகிறது. அந்தத் தண்டனையை எந்தக் குழுவும் ரத்து செய்ய முடியாது. அமெரிக்காவின் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் சங்கம் இத்தகைய நடத்தைக்கு முதல் முறையே கால் போர்டு, அதாவது ஒரு போர்டின் உச்ச மதிப்பெண்ணில் கால் பங்கு, அபராதம் போடுகிறது. உங்கள் மன்றம் அதையே எடுத்துக்கொள்ளலாம். இடம் கொடுத்தவருக்கும் அதே கால் போர்டு. அவர் கொடுத்தது கட்டடத்துக்கு இடம். பெயர்ப் பலகையில் அதற்கு நன்றி எழுதியிருப்பீர்கள். மேசையில் அவர் நான்கில் ஒருவர்.

வயதும் காரணமாகாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது ஆடவர் ஜோடித் தங்கத்தை இந்தியாவுக்கு வென்று வந்த பிரணாப் பர்தனுக்கு 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அந்த மேசையிலும் இதே விதிகள்தான்.

முகம் முறியாமல் என்று கேட்டீர்கள். அவரைச் சபையில் நிறுத்திக் கேட்காதீர்கள். ஒரு காலைப் பொழுதில் நீங்கள் மட்டும் அவர் வீட்டுக்குப் போங்கள். முகப்பில் உட்கார்ந்து, "அண்ணே, அன்றைக்கு நானும் தப்புச் செய்தேன்" என்று உங்களிடமிருந்து தொடங்குங்கள். பொதுவாகக் கோபக்காரர் என்று சொல்லாதீர்கள். எந்த நாள், எந்தப் போர்டு, என்ன சொன்னார், அதனால் யார் நின்றார் என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் முதல் டைரக்டரை அழைப்போம், கால் போர்டு உண்டு என்பதையும் அவர் உங்கள் வாயால் முதலில் கேட்கட்டும். ஒரே கோயில் பங்காளி என்ற உறவு இதற்கு உதவாவிட்டால் வேறு எதற்கு? அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வராமல் இருக்கலாம். இருக்கட்டும். மூன்று பேர் வராமல் இருப்பதைப் பொறுத்துக்கொண்ட உங்களால் ஒருவர் வராமல் இருப்பதையும் பொறுக்க முடியும்.

அந்தப் போர்டின் மதிப்பெண்ணை இனித் திருத்த முடியாது. மன்றம் வேறு காலவரையறை வைக்காதபட்சத்தில், முடிவு வெளியான முப்பது நிமிடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். ஆச்சிமார் இருவரையும் அழைக்கச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாணவியிடம் மட்டும் நீங்கள் தனியாகப் போங்கள். அவர் கண்டது சரி, சொன்னது சரி, சொன்ன நேரமும் சரி என்று சொல்லுங்கள். விதிநூலின் 64ஆம் விதியைத் திறந்து காட்டி, அந்த 450 அவருடையது என்றும் சொல்லுங்கள்.