குழந்தைகளின் கடைவாய்ப் பல்லுக்கு சீலன்ட்: பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. பால் பல்தானே, சொத்தையானாலும் விழுந்து வேறு முளைக்குமே?

பதில்: வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே அகலமான பல் ஒன்று தலைகாட்டியிருந்தால் அது நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால் பெற்றோர் பலர் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது போனால் போனதுதான். அதன் மேற்பரப்புப் பள்ளங்கள் பிரஷ்ஷின் இழை நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. அவற்றைத்தான் சீலன்ட் என்ற மெல்லிய பூச்சு மூடுகிறது. பன்னிரண்டு வயதையொட்டி அடுத்த கடைவாய்ப் பல் வரும்போதும் பூச வேண்டும்.

கேள்வி: வலிக்குமா?

பதில்: வலிக்காது. ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை.

கேள்வி: மகனுக்குப் பூசியது சில மாதங்களிலேயே பெயர்ந்துவிட்டது. மட்டமான பொருளா?

பதில்: பெரும்பாலும் எச்சில்தான் காரணம். சீலன்ட் பூசும் முன் பல்லில் பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி உலர்த்தினால், எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) பளபளப்பு இழந்து சுண்ணாம்பாக வெளுக்கும். அதில் உண்டாகும் நுண்துளைகளில்தான் சீலன்டின் ரெசின் (பிசின்) பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாக்கு பட்டுவிட்டால் மறுபடி அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். பல் முழுதாக வெளிவராமல் ஈரத்தைத் தடுக்க முடியாதபோது கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட்டைப் பூசலாம்.

கேள்வி: அமிலம் பல்லை அரித்துவிடாதா?

பதில்: அரிக்காது. 1955இல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் வெளியிட்ட முறை இது. தொடுவது எனாமலின் மேல்தோலை மட்டுமே.

கேள்வி: கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகாதா?

பதில்: பூட்டினால் அதற்கு இரை கிடைக்காது. குழி விழாத ஆரம்பச் சொத்தையின் மேல் இறுக்கமாகப் பூசினால், பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): ஓரம் பெயர்ந்தால்? உணவு நுழையுமே!

பதில்: நியாயமான கவலை. ஆனால் சீலன்ட் பெயர்ந்த பல், பூசாத பல்லைவிட மோசமாகிவிடுவதில்லை. ஆய்வுகளில் பார்த்த விஷயம் இது. பாதுகாப்புதான் போய்விடுகிறது. அதனால்தான் பூசியதோடு மறந்துவிடாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள் என்கிறேன்.

கேள்வி: பிள்ளைக்கு வலிக்குமா டாக்டர்?

பதில்: இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: முன்பல் கோணலாக இருக்கிறது.

பதில்: பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பூசிய பிறகு ஃபுளோரைடு பற்பசை வேண்டாம்தானே?

பதில்: கட்டாயம் வேண்டும்! சீலன்ட் காப்பது மென்று தின்னும் பரப்பை மட்டும். இரு பற்களின் இடுக்கில் சொத்தை வந்தால் அதனால் தடுக்க முடியாது. மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு பற்பசை போதும். ஆறு மாதப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.