வாய்க்குள்ள இது என்னன்னு பயமா? கேளுங்க, பல் டாக்டர் பதில் சொல்றேன்

பாகூர்லேர்ந்து ஒரு தம்பி: மேடம், நாக்க நல்லா நீட்டி கண்ணாடில பாத்தேன், தொண்டைகிட்ட பெருசு பெருசா மொட்டு மாதிரி வரிசையா இருக்கு. கேன்சரா? தூக்கமே வரல.

நிம்மதியா தூங்குங்க தம்பி, அது எல்லாருக்கும் இருக்கறதுதான். நாக்கோட பின்பக்கம் 8லேர்ந்து 12 வரைக்கும் வளைஞ்ச வரிசைல இருக்கும், ஒவ்வொண்ண சுத்தியும் ஒரு குட்டி பள்ளம், சுவை அரும்பெல்லாம் அதுக்குள்ளதான். ஒரு பக்கம் மட்டும் கட்டி, தொட்டா ரத்தம், ரெண்டு வாரமாகியும் ஆறாத புண், இதுல ஏதாவது இருந்தா மட்டும் காட்டுங்க.

கடலூர் முதுநகர்: மீன் முள்ளு மாட்டிக்கிச்சு, உள்நாக்குல குத்திருக்குமா? சோத்து உருண்டை முழுங்க சொல்றாங்க மாமியார்.

வேணாங்க, உருண்டை முழுங்கினா முள்ளு இன்னும் ஆழமா இறங்கிடும். நடுவுல தொங்குற உள்நாக்குல மாட்டுறது கம்மி, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற டான்சில்லயும் நாக்கோட அடிலயும்தான் பெரும்பாலும் குத்தி நிக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க, லைட் அடிச்சு பாத்து எடுத்துடுவாங்க. எச்சி முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டம்னா நேரா எமர்ஜென்சிதான்.

வில்லியனூர்: பையனுக்கு 7 வயசு, கடைசி பல்லுல கருப்பா சொத்தை. பால் பல்லுதானே, விழுந்துடும்ல?

விழாதும்மா! இத எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. 20 பால் பல்லுக்கும் பின்னாடி 6 வயசு வாக்குல புதுசா ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும், எதுவும் விழாம சத்தமில்லாம வர்றதால யாரும் கவனிக்கறதே இல்ல, ஆனா அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு, போனா மறுபடி முளைக்காது. சின்ன சொத்தையா இருக்கப்பவே அடைச்சுடுங்க.

நெல்லிக்குப்பம்: மாங்கா நெனச்சாலே கன்னத்துல தண்ணி பீச்சுதே?

காதுக்கு முன்னாடி எச்சில் சுரப்பி இருக்கு, அதோட வாசல் மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிர கன்னத்துக்குள்ள. நார்மல்தான்.

அரியாங்குப்பம்: வீட்டுக்காரர் பல வருஷமா பாக்கு போடுறார். இப்ப வடை கடிக்கவே வாய் தொறக்கல, காரம் பட்டா எரியுதாம்.

இதுக்குத்தான் பயப்படணும் அக்கா. அவரோட மூணு விரல ஒண்ணு மேல ஒண்ணா நிமித்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல வைக்க சொல்லுங்க, நுழையணும். பாக்கால கன்னத்தோட உள்தோல் நார் நாரா இறுகிப்போகும், வெளுத்து கயிறு மாதிரி கைக்கு தட்டுப்படும், பின்னால இது புத்துநோயாவும் மாறலாம். பாக்க இன்னைக்கே நிறுத்தணும், இந்த வாரமே கோரிமேடு ஜிப்மர்ல பல் பிரிவுக்கு கூட்டிட்டு போங்க, தனியா அனுப்பாதீங்க, கூடவே போங்க.