தாத்தாவின் பெயர் தெரியும், ஊர் தெரியாது. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களில் ஆன்லைனில் தேடினால் கிடைக்குமா?

பெயரை வைத்துத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. நான் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். ஊரைத் தேடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 60,965 பேருக்கும் ஆளுக்கொரு பாஸ் எழுதினார்கள். தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் என்ன தழும்பு என்பதுவரை அதில் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நடாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல்வாரியாகப் பட்டியல் உண்டு. அந்த நாட்டுக்காரர்கள் கொள்ளுத் தாத்தாவின் பாஸைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி ஒன்று எங்கோ இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் மலாயாவில், அதாவது இன்றைய மலேசியப் பக்கம், ஒப்பந்தக் கூலி முறை 1910இலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் பெரும்பாலும் கங்காணி பிடித்து வந்தவர்கள். கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையும் தெரிந்தவர்களையும் திரட்டிக்கொண்டு வருவார். 1938இல் இந்திய அரசு அதை நிறுத்தும்வரை இதுதான் நடந்தது. ஒப்பந்தம் இல்லை, அதனால் ஃபிஜி மாதிரி பாஸும் இல்லை.

பழைய பத்திரிகைகளிலும் பார்த்தேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இலவசமாக வலையேற்றியிருக்கிறது, மலாயாச் செய்திகளும் நிறைய உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் வந்த செய்தி இருக்கும். கேபினில் வந்த துரைமார் பெயரும் அவர்கள் மனைவிமார் பெயரும் வரிசையாக இருக்கும். நம் ஆட்கள் டெக் பாசஞ்சர், கேபின் இல்லாமல் தளத்தில் வந்தவர்கள், வெறும் எண்ணிக்கை. லண்டனில் இருக்கும் காலனிக் காலத்துக் கோப்புகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள், கூலி எவ்வளவு என்று இருக்கும். வம்சாவளி தேடித் தரும் ஒரு தளத்துக்கு ஆறு மாதச் சந்தாவும் கட்டினேன். வெள்ளைக்காரக் குடும்பம் என்றால் பூட்டன்வரை போய்விடலாம். எனக்கு வந்தது பூஜ்யம்.

அப்படியே பெயர் இருந்தாலும் அது நம் பெயராக இருக்காது. வேலாயுதத்தை ஒரு கிராணி (குமாஸ்தா) ‘வி’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘டபிள்யூ’ போடுவார். எங்கள் தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அப்பாவின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) வேறொன்று. அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுத்த தாளில் பிறந்த இடம் ‘இந்தியா’. அவ்வளவுதான்.

எனக்கு வழி திறந்தது புக்கிட் மெர்தாஜாமில் பெரியப்பா வீட்டு பிஸ்கட் டின்னில். உள்ளே ஓர் ஒத்திப் பத்திரத்தின் நகல் இருந்தது. 1926இல் கப்பலேறும் முன் தாத்தா காணியை ஒத்திக்கு வைத்திருக்கிறார், அசல் ஒத்தி வாங்கியவரிடம் போயிருக்கும். ‘திருச்சினாப்பள்ளி ஜில்லா’ என்பது தெளிவாக இருந்தது. அடுத்த வரியில் தாலுகாவும் கிராமமும் இருக்க வேண்டிய இடத்தைப் பூச்சி அரித்து மூன்று ஓட்டை. கீழே பதிவு நெம்பர் மட்டும் தப்பியிருந்தது. திருச்சி என்றதும் லால்குடி, முசிறி, துறையூர் என்று ஒவ்வொரு பக்கமாக ஆள் விட்டு விசாரித்தோம். ஒன்றும் ஆகவில்லை.

அதே டின்னில் ஒரு நீலநிற ஏர்மெயில் கடிதமும் கிடந்தது. சின்னத் தாத்தா எழுதியது, யாரோ இறந்த செய்தி. அவசரமாகப் பிரித்திருப்பார்கள் போல, அனுப்பியவர் விலாசத்தில் ஊர்ப் பெயர் கிழிந்துபோய், மிஞ்சியது பின்கோடு மட்டும். 637 என்று தொடங்கியது. திருச்சி 620. இந்த எண் நாமக்கல் பக்கத்து எண். அப்போதுதான் உறைத்தது. நாமக்கல் தாலுகாவை 1910இல் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சினாப்பள்ளியோடு சேர்த்தார்கள், 1929இல் மறுபடியும் சேலத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1997இல் அது தனி மாவட்டமே ஆகிவிட்டது. 1926 பத்திரத்தில் திருச்சி என்று எழுதியது சரி. அதை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடிய எங்கள் புத்திதான் கோணல். சுங்கைப் பட்டாணி அத்தை முன்பே சொல்லியிருந்தார்: “அப்பாவுக்கு வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியுமாம்டா.” வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டோம்.

பின்கோடு தெரிந்துவிட்டால் இந்தியத் தபால்துறைத் தளத்தில் அதற்குள் வரும் தபால் நிலையங்கள் வந்துவிடும். அந்தப் பக்கத்துப் பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடித்து, வருடமும் பதிவு நெம்பரும் கொடுத்தேன். இரண்டாவதாகப் போன சார்பதிவாளர் அலுவலகத்தில் அகப்பட்டது. நிலப் பத்திரங்களைப் பதியும் முதலாம் புத்தகத்தை அவர்கள் அழிப்பதில்லை, பணம் கட்டினால் சான்றிட்ட நகல் தருவார்கள். அந்த நகலில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒரு தலைமுறை மேலே கிடைத்தது. அதைவிட நான்கெல்லைதான் எனக்குப் பெரிய விஷயம். கிழக்கே வாய்க்கால், வடக்கே பங்காளி நிலம், அந்தப் பங்காளியின் பெயர், அவர் தகப்பன் பெயர். எந்தக் காப்பகமும் தராத வம்சாவளி ஒரு வயலின் எல்லைக்குள் இருந்தது.

உங்கள் வீட்டில் பத்திரம் இல்லாமல் போகலாம். அப்படியானால் மணியார்டர் துண்டு, கடித உறை, கல்யாணப் பத்திரிகை என்று எது இருந்தாலும் எடுங்கள். தபால் முத்திரை மங்கியிருந்தால் கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அழுத்திய தடம் தெரியும். வீட்டுப் பெரியவர்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்காதீர்கள், “தெரியாது” என்றுதான் வரும். குலசாமி பெயர், பொங்கல் வைக்க எந்த ஆற்றைத் தாண்டிப் போவார்கள், பெண் கொடுத்து எடுத்த ஊர் எது என்று கேளுங்கள். தாத்தா இருந்த தோட்டத்தின் கம்பெனிப் பெயரும் வேண்டும், லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் கோப்பில் இருக்காது. கம்பெனிப் பெயரை வைத்துக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். சிலாங்கூர்த் தோட்டம் என்றால் பழைய சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன.

அப்புறம் ஒன்று. வடக்கெல்லைப் பங்காளியின் பேரனுக்குப் போன் போட்டேன். மலேசியாவிலிருந்து பேசுகிறேன், உங்கள் தாத்தாவும் எங்கள் தாத்தாவும் பங்காளி என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து, “அந்த ஒத்தியெல்லாம் அப்பவே தீர்ந்துபோச்சுங்க” என்றார். நீங்கள் போன் போடும்போது நிலத்துக்காக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க மூன்று போன் ஆனது.