வாசகர் கேள்வி: எல்லை தாண்டுற குவாரி சாட்டிலைட்ல மாட்டுமா?

கேள்வி: எங்க ஊர் கரட்டுல கல்குவாரி ஓடுது. குத்தகை எல்லைய தாண்டி வெட்டுறாங்கன்னு மனு குடுத்தா ஆதாரம் எங்கன்னு கேக்கறாங்க. தென்னை ஓலையெல்லாம் தூசி படிஞ்சு வெள்ளையா நிக்குது, கிணத்துல தண்ணி இறங்கிட்டே போகுது. சாட்டிலைட், ஏஐ வச்சு கண்டுபிடிக்கலாம்னு பையன் சொல்றான், நெசமாவா?
(பேர், ஊர் போட வேணாம்னு எழுதியிருக்கார்)

பதில்: பையன் சொல்றது நெசந்தாங்க. ஆனா ஒரே ஒரு குவாரிக்கு ஏஐ எதுக்கு, உங்க கண்ணே போதும். ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் 2015ல இருந்து படம் எடுக்குது, இப்ப கிட்டத்தட்ட 5 நாளைக்கு ஒரு தடவ நம்ம தலைக்கு மேல வருது, கோப்பர்நிகஸ் பிரவுசர்னு ஒரு தளத்துல யார் வேணா காசில்லாம பாக்கலாம். படத்துல ஒரு புள்ளின்னா தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதனால லாரியெல்லாம் தெரியாது, ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி பச்சையா இருந்த சரிவு இப்ப வெள்ளையா பேந்து கிடந்தா பளிச்னு தெரியும்.

ஏஐ வேணுங்கறது அமேசான் காடு மாதிரி இடத்துக்கு. பெரு நாட்டுல மாத்ரே தி தியோஸ்னு ஒரு பகுதி, காட்ட வெட்டி ஆத்து மண்ண அலசி பாதரசம் போட்டு தங்கம் எடுக்கறாங்க, தோண்டின குழியெல்லாம் சேத்துக் குட்டையா நின்னுடுது. 2020 டிசம்பர்ல விண்வெளி நிலையத்துல இருந்து எடுத்த போட்டோவுல அந்தக் குட்டைங்க வெயில் பட்டு தங்க ஆறு மாதிரி மின்னுச்சு, பாக்க அழகு, நெனச்சா வயிறு எரியுது. அவ்ளோ பெரிய காட்ட மனுஷன் உக்காந்து பாத்து முடியாதுல்ல, அதான் இது சுரங்கம், இது வெறும் ஆத்து மணல்னு ஆயிரக்கணக்குல படம் காட்டி மெஷினுக்கு பழக்கி விடறாங்க, அமேசான் சுரங்கத்த கண்காணிக்கற அமேசான் மைனிங் வாட்ச்ங்கற தளம் அப்படித்தான் ஓடுது. மேகம் மூடினா சென்டினல்-1 ரேடார் உண்டு, அது மேகத்துக்குள்ளயும் பாக்கும்.

நம்ம நாட்டுலயும் 2016ல மத்திய சுரங்க அமைச்சகம் சாட்டிலைட் வச்சு கண்காணிக்கற ஏற்பாடு ஒண்ணு ஆரம்பிச்சுது, குத்தகை எல்லைய சுத்தி 500 மீட்டருக்குள்ள ஏதாவது மாறினா எச்சரிக்கை போகும், அதிகாரி நேர்ல போய் பாக்கணும். இரும்பு, சுண்ணாம்புக்கல் மாதிரி பெருங்கனிமத்துக்குத்தான் அத முதல்ல கொண்டு வந்தாங்க. உங்க கல்லு சிறுகனிமம், அது மாநில அரசு பொறுப்பு.

மெஷின் சொல்றத அப்படியே நம்பவும் கூடாது. உழுத காடு, வத்தின ஏரி, செங்கல் சூளை எல்லாமே சில சமயம் அதுக்கு குவாரியா தெரியும். ஆழமும் இந்தப் படத்துல பிடிபடாது, அதுக்கு ட்ரோன் சர்வே வேணும். கிணத்துத் தண்ணியும் மேல இருந்து தெரியாதுங்க, அத நீங்கதான் வாரம் ஒரு தடவ கயிறு விட்டு அளந்து நோட்டுல எழுதி வைக்கணும்.

குவாரிக்கு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கின பேப்பர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் தளத்துல தேடுங்க, இல்லன்னா கனிமவளத்துறைக்கு ஆர்டிஐ போட்டு குத்தகை வரைபடம் கேளுங்க. எல்லை மூலைக்கு அட்சரேகை தீர்க்கரேகை குடுத்திருப்பாங்க. பையன விட்டு அத படத்து மேல போட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஒரு புள்ளி ரெண்டு புள்ளி வெளிய இருந்தா அத வச்சு சண்டைக்குப் போகாதீங்க, அம்பது நூறு மீட்டர் தள்ளிப் போயிருந்தா விடாதீங்க. ஒரே மாசத்துப் படமா வருஷத்துக்கு ஒண்ணு எடுங்க, மழைக்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் பக்கத்துல வச்சா எல்லா கரடும் காஞ்சுதான் தெரியும். தேதி தெரியற மாதிரி பிரிண்ட் எடுத்து, சர்வே நம்பர் எழுதி, நேர்ல வந்து அளந்து பாருங்கன்னு மனுவுல கேளுங்க, ரசீது வாங்காம வந்துடாதீங்க.